உஷார்! மேடையில் ஒருவர் அழுகிறார்... உங்கள் கழுத்துச் செயின் பத்திரமா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களை யாராவது ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? "சும்மா வந்து உக்காருங்க, ஒரு ரூபா செலவில்ல, மதியச் சாப்பாடும் உண்டு" என்று சொன்னார்களா? கூப்பிட்டவர் உங்களுக்கு ரொம்பவும் வேண்டியவரா?

அப்படியானால் இதைப் படித்து முடிக்கும் வரை வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோய் வீட்டில் இருந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒரு வேளைச் சாப்பாடு. போனால் என்ன நஷ்டம் என்பதை ஈரோட்டுப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இப்போதும் அதே தெருவில்தான் அவர் குடியிருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார். மகள் பிளஸ் டூ. காய்காரரிடம் தராசு முள்ளைப் பார்த்துத்தான் வாங்குவார். தெரியாதவரிடம் சீட்டுக் கட்ட மாட்டார். பேராசைக்காரர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. "ஆசைப்பட்டாங்க, ஏமாந்தாங்க" என்று சொல்லிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கப் போகிறோமே, அது பெரிய தப்பு. இந்த வலை ஆசைக்காரர்களுக்கு மட்டும் விரிக்கப்படுவதில்லை. பாசக்காரர்களுக்கும் விரிக்கப்படுகிறது.

அவரிடம் வருடக்கணக்காகத் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு பெண்தான் கூட்டிப்போனார். கல்யாண மண்டபம். வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர். உள்ளே ஏசி. முதல் ஒரு மணி நேரம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதுவே அவருக்கு நம்பிக்கை தந்துவிட்டது.

பிறகு விளக்குகள் மங்கின. மெல்லிய இசை. ஓர் இளைஞன் மைக்கைப் பிடித்தான். தன் அம்மா ஹோட்டலில் பாத்திரம் கழுவியதைச் சொன்னான். சோப்புத் தண்ணீரில் ஊறி அவர் விரலிடுக்கெல்லாம் புண்ணானதைச் சொன்னான். அந்தக் கையால் சோறு பிசைய முடியாமல் கரண்டியால் ஊட்டியதைச் சொன்னான். ஃபீஸ் கட்டாத நாளில் வகுப்புக்கு வெளியே நின்றதைச் சொன்னான். "அம்மா, மேல வாங்கம்மா" என்றான். வயதான ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி மேடையேறினார். தாம்பாளத்தில் அவர் காலைக் கழுவினான். கார் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினான். மண்டபமே அழுதது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. உங்க அம்மா முகத்தை நினைச்சுப் பாருங்க. உங்க பிள்ளை முகத்தை நினைச்சுப் பாருங்க. அவங்களுக்கு நீங்க இதுவரைக்கும் என்ன செஞ்சீங்க?"

கண்ணைத் திறந்தபோது மடியில் ஒரு ஃபாரம் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் தாலிக்கொடி தவிர மிச்ச நகையெல்லாம் அடகுக்குப் போனது. ஒரு லட்சம் கட்டினால் மாதம் பத்தாயிரம் என்று பேச்சு. முதல் மாதம் வந்தது. இரண்டாவது மாதமும் வந்தது. மூன்றாவது மாதமும் வந்ததும் அவரையே மேடையில் ஏற்றினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வலித்த இரவுகளை, மகளைக் காலேஜில் சேர்க்க முடியுமா என்ற கவலையை அவர் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கீழே அவர் தங்கையும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றே இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதற்கடுத்த மாதம் பணம் வரவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். திட்டத்தை நடத்திய சீனியர் போனை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று கேட்டார்: "நீங்க அழுததைப் பார்த்துத்தானேக்கா நானும் போட்டேன்?"

இந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும்?

நன்றாகக் கவனியுங்கள். அந்தப் பெண் மேடையில் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. முதுகு வலித்தது நிஜம். அழுகை நிஜம். பொய் சொன்னது கணக்கு மட்டும்தான். மாதம் பத்தாயிரம் என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்கூட வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவருக்கு மூன்று மாதம் வந்த முப்பதாயிரம் எங்கிருந்து வந்தது? அவர் கட்டிய லட்சத்திலிருந்தே திரும்பி வந்திருக்கலாம். இல்லையென்றால் அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் கட்டியது. இந்தக் கணக்கைப் போட ஒரு பேனாவும் பத்து நிமிடமும் போதும். அந்தப் பத்து நிமிடம் உங்களுக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் விளக்கை மங்க வைக்கிறார்கள்.

அழுகை உண்மையாக இருக்கலாம். அதனால் கணக்கு உண்மையாகிவிடாது!

இதைப் படிப்பில்லாதவர்கள் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். உலகத்தையே ஆட்டிவைக்கும் நாட்டின் தலைவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அக்டோபர் 10ஆம் தேதி வாஷிங்டனில், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு முன்னால் 15 வயதுப் பெண் ஒருத்தி சாட்சி சொன்னாள். நயிரா என்று மட்டும்தான் பெயர் சொன்னார்கள். குவைத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரக்கூடாது என்று காரணம் காட்டினார்கள். ஆஸ்பத்திரியில் இன்குபேட்டரில் இருந்த பச்சைக் குழந்தைகளை ஈராக் சிப்பாய்கள் வெளியே எடுத்துக் குளிர்ந்த தரையில் சாக விட்டார்கள் என்று அவள் தேம்பித் தேம்பிச் சொன்னாள். அமெரிக்கா முழுக்க டிவியில் அது ஓடியது. அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்தவர், தன் பேச்சுகளில் திரும்பத் திரும்ப அதைச் சொன்னார். போருக்கு ஆதரவு கேட்ட செனட்டர்களும் எடுத்துச் சொன்னார்கள். 1991 ஜனவரி 12ஆம் தேதி செனட் சபை போருக்கு அனுமதி கொடுத்தது. ஆதரவு 52, எதிர்ப்பு 47. ஐந்தே ஓட்டு வித்தியாசம்.

ஒரு வருடம் கழித்து, 1992 ஜனவரியில்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்த குவைத் தூதரின் மகள். அந்தச் சாட்சியத்துக்குப் பின்னால் 'ஹில் அண்ட் நோல்ட்டன்' என்ற பெரிய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் வேலை இருந்தது. குவைத்துக்குப் போய் விசாரித்த மனித உரிமை அமைப்புகளுக்கு இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. குவைத்தில் ஈராக் படை செய்த கொடுமைகள் நிஜம். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எதைக் கேட்டு ஊர் உலகம் அழுததோ அதற்கு ஆதாரம் இல்லை. "நீ யார் பொண்ணும்மா?" என்று அன்றைக்கு ஒருவர் அழுத்திக் கேட்டிருந்தால்? அழுகிற குழந்தையிடம் யார் கேட்பார்கள்? கேட்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட மாட்டார்களா? அந்தக் கூச்சம்தான் ஏமாற்றுகிறவர்களுக்கு வேலி.

மனித மனம் இப்படித்தான் இயங்குகிறது என்பதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆட்களுக்கு ஐந்து டாலர் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினி கிடக்கும் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் தந்தார்கள். மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைப் படித்தவர்கள் 2.38 டாலர் தந்தார்கள். இரண்டு மடங்குக்கும் மேல்! இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை 1.43 டாலராக இறங்கிவிட்டது. அதாவது, எண்ணைக் காட்டினால் கை சுருங்குகிறது. முகத்தைக் காட்டினால் கை நீள்கிறது. நல்ல காரியத்துக்கு நிதி திரட்டுபவர்களுக்கு இது தெரியும். மண்டபம் பிடித்து மீட்டிங் போடுபவர்களுக்கும் இது தெரியும். தெரியாமல் உட்கார்ந்திருப்பது நாம்தான்.

நம் தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அடுத்த முறை ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த வரிசையை மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சிரிக்க வைப்பார்கள், இறுக்கம் போகட்டும் என்று. அடுத்து அழுகை. பிறகு அச்சம்: "நாளைக்கே உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவா?" பிறகு இளிவரல், நம்மை நாமே தாழ்வாக நினைக்க வைப்பது: "சொந்தக்காரங்க கல்யாணத்துல உங்களை எந்த வரிசையில உக்கார வெச்சாங்க?" பிறகு கார், வெளிநாட்டு டூர், ஷீல்டு என்று மருட்கையும் உவகையும். கடைசியில் பெருமிதம்: "நீங்க சாதாரண ஆள் இல்லீங்க!" இத்தனையும் ஒரே காலைப் பொழுதில் ஒரு மனசுக்குள் ஓடினால் அந்த மனசு கணக்குப் போடுமா?

இனி ஆபத்து அறிகுறிகள். கூர்ந்து படியுங்கள்.

இன்றைக்கே முடிவு செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு எந்த அறிகுறியையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். "இந்த ஆஃபர் சாயங்காலம் வரைக்கும்தான்", "இன்னும் பன்னெண்டு ஐடிதான் பாக்கி", "இப்ப முன்பணம் மட்டும் ஜிபே பண்ணிடுங்க". எல்லாம் ஒன்றுதான். உங்கள் கண்ணீர் காய்வதற்குள் கையெழுத்து வேண்டும் அவர்களுக்கு. நல்ல திட்டம் செவ்வாய்க்கிழமையும் நல்ல திட்டமாகத்தான் இருக்கும்.

"வீட்ல சொல்லாதீங்க, சர்ப்ரைஸா செய்யுங்க" என்றால் மணி அடித்துவிட்டது என்று அர்த்தம். கணவரிடம் கேட்கக் கூடாது, மகனிடம் சொல்லக் கூடாது, "அவங்க நெகட்டிவா பேசுவாங்க" என்பார்கள். யோசித்துப் பாருங்கள். காலையெல்லாம் குடும்பம், குடும்பம் என்று உருகியவர், அதே குடும்பத்திடம் உங்களை ஏன் மறைக்கச் சொல்கிறார்?

கேள்வி கேட்டதும் மேடையில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். "லாபம் எந்தத் தொழிலிலிருந்து வருது?" என்று ஒருவர் கேட்டால், பதில் தொழிலைப் பற்றி இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக "உங்களுக்கு உங்க பிள்ளை மேல நம்பிக்கை இல்லையா?" என்று திரும்பினால், அங்கே தொழில் இல்லை!

கையைத் தூக்கச் சொல்வது, சேர்ந்து கத்தச் சொல்வது, பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிக்கச் சொல்வது, எல்லார் முன்னாலும் சபதம் எடுக்க வைப்பது. விளையாட்டு மாதிரித்தான் தெரியும். ஆனால் 300 பேர் முன்னால் "நான் சேர்றேன்" என்று கத்தியவர், வெளியே வந்து "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லக் கூசுவார்.

கூட்டி வந்தவர் நம் சொந்தம் என்பது பாதுகாப்பு இல்லை. ஈரோட்டுப் பெண்ணைக் கூட்டிப்போனவரும் கெட்டவர் இல்லையே. அவரும் பணம் போட்டவர்தான்.

சினிமா முகம், பெரிய மனிதர் போட்டோ, கோயில் பிரசாதம். இவை எதற்கும் அத்தாட்சி ஆகாது. பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகளின் விளம்பரத்தில் தெரிந்த முகங்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் பணம் கட்டினார்கள். 2012 ஆகஸ்டில் எல்லாம் சரிந்தது. தீனி போட ஆளில்லாமல் தவித்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் கொடுக்க வேண்டி வந்தது. பணம் கட்டியவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். திருப்பூரில் 2009இல் வெடித்த பாசி நிதி நிறுவன மோசடி நினைவிருக்கிறதா? இயக்குநர்கள் இருவருக்குக் கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022 ஆகஸ்டில். தண்டனை வரவே பதிமூன்று வருடம்! அதற்குள் எத்தனை பெண் பிள்ளைகளின் கல்யாணம் தள்ளிப்போயிருக்கும்?

ஏமாற்ற இன்னொரு வழியும் இருக்கிறது. மண்டபமே தேவையில்லை, போன் போதும். ஐசியூவில் குழாய்களுக்கு நடுவே படுத்திருக்கும் குழந்தையின் படம், கீழே ஒரு யுபிஐ எண். படத்தில் இருக்கும் குழந்தை யாரோ, பணம் போகிற அக்கவுண்ட் யாருடையதோ. ஆஸ்பத்திரிக்கே போன் செய்து கேளுங்கள். நேராக ஆஸ்பத்திரிக் கணக்கில் கட்டலாமா என்று கேளுங்கள். உண்மையான அப்பா அம்மா இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள்.

அதற்காக, யார் அழுதாலும் நடிப்பு என்று மனசைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வரவில்லை. அது இதைவிடப் பெரிய நஷ்டம். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த டாக்டர் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் 15 வயது மகனின் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். தமிழ்நாடே கலங்கியது. அந்தக் கலக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் உறுப்பு தானத்தைப் பற்றி முதல் முறையாகப் பேசின. அங்கே யாரும் நம்மை அவசரப்படுத்தவில்லை. யாரும் எதையும் மறைக்கவில்லை. டாக்டரிடம் கேட்கலாம், வீட்டில் பேசலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். மனசைத் தொட்டுவிட்டு யோசிக்கவும் விடுகிறவர்கள் நம்மவர்கள். மனசைத் தொட்டதும் யோசிக்க விடாதவர்களிடம்தான் உஷார்!

போயே ஆக வேண்டிய நிலைமையா? தட்ட முடியாத உறவா? சரி. அடையாள அட்டை, ஏடிஎம் கார்டு, செக் புத்தகம் மூன்றையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். போனில் பணம் அனுப்பும் ஆப் இருந்தால், கிளம்பும் முன் நீக்கிவிடுங்கள். எங்கே போகிறோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். என்ன பேச்சு நடந்தாலும் "நாளன்னைக்குச் சொல்றேன்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, வட்டிக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். டெபாசிட் வாங்க அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாவிட்டால் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கேளுங்கள்.

ஒன்று தெரியுமா? ஆள் சேர்த்தால் பணம் என்ற சுழற்சித் திட்டங்களை 1978லேயே மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. நடத்துவது மட்டும் இல்லை, அதில் சேருவதும் குற்றம். நீங்கள் நாலு பேரைச் சேர்த்துவிட்டிருந்தால், நாளைக்குப் புகாரில் உங்கள் பெயரும் வரலாம். ஏமாந்தவராகப் போய் நிற்பீர்கள், ஏமாற்றியவராக எழுதுவார்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். முதலில் யாரையும் சேர்க்காதீர்கள். "நீங்க ரெண்டு பேரைச் சேர்த்தா உங்க பணம் ரிலீஸ் ஆகும்" என்பார்கள். சேர்க்காதீர்கள்! கோபத்தில் வாட்ஸ்அப் குரூப்பை விட்டு வெளியேறாதீர்கள். அங்கே இருப்பதுதான் சாட்சி. ஒவ்வொரு மெசேஜையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குரல் பதிவுகளைச் சேமியுங்கள். மேடையில் பேசியவர் பெயர், மண்டபத்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். ஆன்லைனில் மோசடியாகப் பணம் போயிருந்தால் அந்த நிமிடமே 1930க்கு அடியுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை முடக்குவது கடினம். நிதி நிறுவனம், டெபாசிட் என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸில் எழுத்தில் கொடுங்கள். முதலீட்டாளர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொத்தை முடக்கி விற்றுப் பணம் கொடுக்க அதில் வழி உண்டு. யார் யாருக்கு எவ்வளவு என்பது கொடுத்த புகாரையும் ரசீதையும் வைத்துத்தான். புகாரே கொடுக்காதவர் பெயர் எந்தப் பட்டியலில் வரும்?

அந்த நேரத்திலும் ஒருவர் உங்களுக்குப் போன் செய்வார். குரல் தழுதழுக்கும். "நாம எல்லாம் ஒரே குடும்பம்னு சொன்னீங்களேக்கா, குடும்பத்து மேலயே கேஸ் கொடுப்பீங்களா? சாருக்கு ஹார்ட் பிராப்ளம், அவருக்கு ஏதாவது ஆயிட்டா?" என்பார். போனை வைத்துவிடுங்கள். அடகு ரசீது, பணம் அனுப்பிய விவரம், ஃபாரத்தின் நகல் மூன்றையும் பையில் போடுங்கள். உங்களால் சேர்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வழியெல்லாம் உங்களைத் திட்டுவார்கள். திட்டட்டும். அவர்கள் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் அதே புகாரில் இருக்கட்டும். நாளைக்கு என்று தள்ளாதீர்கள், இன்றைக்கே போங்கள்.